பத்தொன்பது வரி

ஆயிரத்து நூறு பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதிய மனிதருக்கு இலக்கிய உலகம் வைத்திருந்த பெயர் அரைப்பக்கம். நேரில் ஐயா என்பார்கள். முதுகைத் திருப்பியதும் அரைப்பக்கம் வந்துவிட்டாரா, அரைப்பக்கம் சாப்பிட்டாரா என்பார்கள். அது அவருக்கும் தெரியும். முப்பது வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. இப்போதெல்லாம் ஃபோனில் யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் யாரைக் கேட்கிறார்கள் என்று ஒரு நொடி யோசிக்கிறார்.

அன்று காலை ஒன்பதரை மணிக்கே அவரைக் கொண்டுபோய் ஒரு கல்லூரி அரங்கின் முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மேடையில் கட்டியிருந்த துணியில் அவருடைய நாவலின் பெயரும், அதற்குக் கீழே 'சமய, தத்துவத் தாக்கங்கள்: ஒருநாள் கருத்தரங்கு' என்றும் எழுதியிருந்தது. மொத்தம் பதினான்கு கட்டுரைகள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அதை எந்தப் பேராசிரியரும் தன்னைக் குறித்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுபத்து நான்கு வயதில், மடக்கினால் நீட்ட மாட்டேன், நீட்டினால் மடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் இரண்டு முழங்கால்களை வைத்துக்கொண்டு, பதினான்கு பேருக்குத் தலையாட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பேச்சு தன்னைப் பற்றியது என்பதால் தூங்கவும் வழியில்லை.

மடியில் ஒரு பழுப்பு உறை இருந்தது. உறைக்குள் நாவலின் புதிய பதிப்புக்கான மெய்ப்பு, ஒரே ஒரு அத்தியாயம் மட்டும். முதல் பதிப்பு கையால் எழுத்துக் கோத்து அடித்தது. பிறகு வந்த பதிப்புகள் எல்லாம் அதையே படம் பிடித்து அச்சடித்தவை, அதனால் யாரும் எதையும் திருத்திப் பார்க்கவில்லை. இப்போது பதிப்பகம் முதன்முறையாக முழு நாவலையும் புதிதாகக் கணினியில் கோத்திருக்கிறது. மற்ற அத்தியாயங்களை எல்லாம் போன மாதமே பார்த்துத் திருப்பியனுப்பிவிட்டார். இந்த ஒன்றுதான் மேசையிலேயே கிடந்தது. மாலை ஆறு மணிக்குப் பதிப்பகத்து ஆள் வீட்டுக்கே வந்து வாங்கிப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். இதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாதாம்.

உறைக்குள் இருந்த ஆயிரத்துத் தொண்ணூறாம் பக்கத்தின் ஓரத்தில், மெய்ப்புத் திருத்துபவர் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார். 'இங்கே ஏதாவது விடுபட்டிருக்கிறதா?'

முப்பது வருடத்தில் அந்தப் பக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள், இரண்டு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு சாதாரணக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து அரைப்பக்கம் அந்தப் பக்கத்தை உறைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

நாவலின் கதை ஒன்றும் சிக்கலானதில்லை. கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவனுடைய ஆறு வயது மகள் காய்ச்சலில் செத்துப்போகிறாள். அவன் கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராகப் போய், 'என் பிள்ளை ஏன் செத்தது?' என்று எதிர்ப்படுகிறவரை எல்லாம் கேட்கிறான். பௌத்த பிக்கு ஒருவர் சொல்கிறார், பாதிரியார் ஒருவர் சொல்கிறார், சூபி, வேதாந்தி, சமணத் துறவி, கடவுளே இல்லை என்னும் டாக்டர் என்று ஆளாளுக்கு எண்பது பக்கம், நூறு பக்கம் சொல்கிறார்கள். கடைசியில் ஒரு குடிசையில் பெயரில்லாத கிழத்துறவி ஒருவரைப் பார்க்கிறான். மகளின் கடைசி இரவை முதன்முறையாக வாய்விட்டு அவரிடம் சொல்லிவிட்டு, அதே கேள்வியைக் கேட்கிறான். 'துறவி சொன்னார்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பத்தொன்பது வரி அளவுக்கு வெள்ளைக் காகிதம். அடுத்த பக்கத்தில் அவன் திரும்பி வந்து கடையைத் திறக்கிறான்.

அந்த வெள்ளைக் காகிதம்தான் அவருக்குப் பெயரும் புகழும் பரிசும் வாங்கிக்கொடுத்தது. அது அச்சகத்தில் நடந்த தவறு என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

துறவியின் பதிலை அவர் எழுதியிருந்தார். நாவலிலேயே அதைத்தான் உயிரைக் கொடுத்து எழுதினார். புத்தகம் வந்த அன்று அந்தப் பக்கத்தைத் திறந்தால் பதில் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. அச்சகத்துக்கு ஓடினார். கண்காணிப்பாளர் அசரவில்லை. அரைப்பக்கமே கையெழுத்துப் போட்டுத் திருப்பிய மெய்ப்பை எடுத்து முன்னால் போட்டு, "நீங்க பார்த்துக் குடுத்ததுதானே சார்? இப்ப வந்து கேட்டா எப்படி?" என்றார். கையெழுத்துப் பிரதியைக் கேட்டால் அது எப்போதோ கிழித்துப் போட்டாயிற்று. அந்த ஒரு அத்தியாயத்தின் மெய்ப்பை மட்டும் அரைப்பக்கம் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். எழுதினதே பெரிய பாடு. அந்தக் கடைசி இரவை இன்னொரு தடவை படிக்க அவரால் முடியவில்லை. அதை யாரிடம் சொல்வது?

ஏனென்றால் அந்த ஆறு வயது மகள் கதையில் மட்டும் செத்தவள் இல்லை. அவருடைய ஒரே மகள். அவளுக்குப் பிறகு வீட்டில் பிள்ளை இல்லை. அவள் போன மறு மாதத்திலிருந்து அவர் நூலகத்தில் போய் விழுந்தார். ஏழு வருடம், அலுவலகம் விட்டதும் நூலகம், ஒரு மதத்தை முடித்து அடுத்த மதம். பிறகு மூன்று வருடம் எழுதினார். வீட்டில் மனைவியோடு மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசக்கூடாது என்று யாரும் முடிவு செய்யவில்லை, அப்படியே பழகிப்போயிற்று.

திருத்தம் போடச் சொல்லலாமா என்று அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்த வாரத்தில் முதல் விமர்சனம் வந்தது. மொழியில் இதுவரை எழுதப்படாத மௌனம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. அவர் சும்மா இருந்துவிட்டார். அன்று சும்மா இருந்தவர் முப்பது வருடம் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கு மேடையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது, சாயங்காலத்துக்குள் அந்த வரிகளை எப்படியாவது ஞாபகப்படுத்தி எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தார். முதல் வரி மட்டும் ஞாபகம் இருந்தது. விளக்கு என்று ஏதோ தொடங்கும்.

மேடையில் முதலில் பேசியவர், புத்தர் பதில் சொல்ல மறுத்த கேள்விகளை எடுத்துக்காட்டி, அந்த அரைப்பக்கம் பௌத்தத்தின் சொத்து என்று நிறுவினார். இரண்டாமவர் அது வேதாந்தம் என்றார். மூன்றாமவருக்கு அது சிலுவைக்கு முன்னால் நிலவிய கடவுளின் மௌனம். நான்காமவர், அங்கே ஒன்றும் இல்லை என்பதே வாதம், கடவுள் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது என்று மேசையைத் தட்டினார். தேநீர் இடைவேளையில் நால்வரும் பிஸ்கட்டும் கையுமாக, பாகம் பிரிக்க வந்த பங்காளிகள்போல அதே சண்டையைத் தொடர்ந்தார்கள். சொத்துக்காரர் ஓரமாக நின்று ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

பதினொன்றாவதாகப் பேச வந்த ஆராய்ச்சிக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். வேலை பார்த்துக்கொண்டே ஒன்பது வருடமாக அந்த நாவலில் கிடக்கிறாள். வெள்ளை இடத்தை அளவுகோல் வைத்து அளந்திருந்தாள். சரியாகப் பத்தொன்பது வரி. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் என்னும் பௌத்தக் கொள்கைக்குக் கண்ணிகள் பன்னிரண்டு, ஒரு பொருளைப் பற்றிப் பேசச் சமணர்கள் வைத்த கூற்று முறை ஏழு, ஆக மொத்தம் பத்தொன்பது. பகைத்துக்கொண்ட இரண்டு சமயங்களை ஆசிரியர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கைகோக்க வைத்திருக்கிறார் என்று அவள் நிதானமாக, படிப்படியாகச் சொல்லி முடித்தபோது அரங்கு கைதட்டியது. அரைப்பக்கத்துக்கே ஒரு கணம் அது உண்மையாக இருக்குமோ என்று தோன்றிவிட்டது.

தலைமை தாங்கியவர் ஒலிவாங்கியை நீட்டினார். "ஐயா, இந்தப் பத்தொன்பது யோசிச்சு வச்சதுதானே?"

இதுதான் சமயம். அவர் எழுந்தார். ஆராய்ச்சிக்காரி தன் கோப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

"எண்ணிப் பார்த்ததுக்கு நன்றிம்மா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அவருடைய கோழைத்தனத்துக்கும் ஆழம் என்று பெயர் வைத்து அன்றைய குறிப்பேட்டில் யாரோ எழுதிக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டின்போது அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்திலேயே கையெழுத்துக் கேட்டாள்.

"இது முடிஞ்சாத்தான் சார் எனக்கு வேலை நிரந்தரம் ஆகும். அடுத்த மாசம் சமர்ப்பிக்கணும். ஒன்பது வருஷம். வீட்ல எல்லாருக்கும் உங்க நாவல்னாலே ஆகாது."

"எங்க வீட்லயும் அப்படித்தான்," என்றார். அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று மணிக்கு மேல் முதுகுவலி என்று சொல்லிக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். கார் வைத்து அனுப்பினார்கள். இரண்டாம் மாடிக்கு ஏறும்போது நடுவில் இரண்டு தடவை நின்றார்.

மனைவி சாப்பாட்டு மேசையில் அடுத்த வாரத்துக்கான மாத்திரைகளைச் சின்னச் சின்ன அறை வைத்த டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். காலை, மதியம், இரவு என்று அவருக்கு ஒன்பது, அவளுக்கு நான்கு. முப்பத்தைந்து வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதுபவராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் எடுத்த நகலில் ஒரு புள்ளி கூடியது குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. சார்பதிவாளரே ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். அந்த ஆயிரத்து நூறு பக்க நாவலையும் அச்சுக்கு நகல் எடுத்தவள் அவள்தான். அலுவலகம் விட்டு வந்து, சமைத்து இறக்கி, இதே மேசையில் ஒரு நாளைக்கு இரண்டு பக்கமாக, ஏறக்குறைய இரண்டு வருடம் எழுதினாள். அவரும் சார்பதிவாளர்போலத்தான், பிரித்துப் பார்க்காமல் கட்டி அச்சகத்துக்குக் கொடுத்தார்.

"மதிய மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல."

"எங்க போனாலும் இதே கதை. என்ன சொன்னாங்க?"

"பதினாலு பேர் பதினாலு சொன்னாங்க. ஒருத்தர் சொன்னதுகூட எனக்குத் தெரிஞ்சதில்ல." செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் சாய்ந்தார். மாத்திரையைத் தண்ணீரோடு நீட்டினாள். விழுங்கினார். உறையிலிருந்து பக்கத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இதப் பாரு. என்னமோ கேட்டிருக்காங்க."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சில் எழுத்தைப் படித்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். பதினான்கு பேராசிரியர்கள் முன்னால் வராத வார்த்தை இங்கே தடுக்காமல் வந்தது. களைப்பில் ஒளிக்கவும் தெம்பு இல்லை. "அது மௌனமும் இல்ல, மண்ணும் இல்ல. அச்சகத்துல விட்டுட்டாங்க. நான் பதில் எழுதியிருந்தேன். பேர் வந்ததும் வாய மூடிட்டு இருந்துட்டேன். முப்பது வருஷமா ஊர ஏமாத்தியிருக்கேன். இந்தப் பதிப்புலயாவது அதப் போட்டுரணும்னு பாக்கறேன். ஆனா ஞாபகம் இல்ல. பழைய நோட்டு எல்லாம் வீடு மாத்தினப்ப எடைக்குப் போட்டாச்சு. நீதான நகல் எடுத்த, உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

அவள் மாத்திரை டப்பாவின் மூடிகளை ஒவ்வொன்றாக மூடினாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தமும், அடித்தட்டில் எதையோ இழுக்கும் சத்தமும் கேட்டன. அவளுடைய ஓய்வூதியக் கோப்பு வைத்திருக்கும் தகரப் பெட்டி. திரும்பி வந்தபோது கையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. அட்டையில் அவர் கையெழுத்தில் இருபத்து மூன்று என்று எண் போட்டிருந்தது.

"இத மட்டும் நான் எடைக்குப் போடல," என்றாள்.

பக்கம் அடையாளம் வைத்தே இருந்தது. அரைப்பக்கம் படித்தார்.

'விளக்கு ஏற்றியவனுடையது. அதன் வெளிச்சத்தில் சிறிது நேரம் அமரும் பேறு உனக்கு வாய்த்தது. ஏற்றிய கையே அதை எடுத்துக்கொண்டது. இருள் என்று நீ அழுவது, விளக்கு வேறோர் அறைக்குப் போனதன் நிழல். எண்ணெயும் திரியும் சேர்ந்தபோது சுடர் வந்தது, பிரிந்தபோது சென்றது, வந்தது எது, சென்றது எது?' இப்படியே போயிற்று. கச்சிதமாக இருந்தது. ஒரு சொல்லை எடுக்க முடியாது, ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது. முதல் வரி சூபியிடமிருந்து எடுத்தது, அடுத்தது பாதிரியாரின் பிரசங்கம், எண்ணெயும் திரியும் பௌத்தம் என்று வரிக்கு வரி அவருக்கே அடையாளம் தெரிந்தது. அன்று பதினான்கு பேரும் தேடியது மொத்தமும் வரிசை கலையாமல் அங்கே இருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்," என்றார் மெதுவாக.

"ஆமா. ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க." அவள் உட்கார்ந்தாள். "அச்சகத்துல யாரும் விடல. நான்தான் விட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. மூலப் பத்திரத்துல எழுத முடியாத இடம் வந்தா, கரையான் அரிச்சதோ மை ஊறினதோ, நாமளா எதுவும் எழுதக்கூடாது. எண்ணி அதே அளவு இடம் விட்டுட்டு, ஓரத்துல குறிச்சு வைக்கணும். கையெழுத்துப் போடறவர் பார்த்து நிரப்புவார். உங்க நோட்டுல பத்தொன்பது வரி. நகல்லயும் பத்தொன்பது வரி விட்டேன். ஓரத்துல 'ஆசிரியர் நிரப்புவார்'னு எழுதியிருந்தேன்."

"ஏன்?"

அவள் டப்பாவை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"மூணு நாள் பேனாவ வச்சிட்டு உக்காந்திருந்தேன். கை ஓடல. அன்னைக்கு ஆபரேஷன் முடிஞ்சு காய்ச்சல் ஏறின ராத்திரி, நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. அவ தண்ணி கேட்டா. விடியற வரைக்கும் ஒரு சொட்டு குடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். நான் குடுக்கல. காலைல தர்றேன், நெறையத் தர்றேன்னேன். சரின்னு தலையாட்டினா. நீங்க வர்றதுக்குள்ள போயிட்டா." அவள் குரல் உயரவில்லை. "அதுக்கு உங்க சாமியார் என்ன சொல்றார்னு பார்த்தேன். ஏற்றிய கையே எடுத்துக்கிச்சுன்னு எழுதியிருந்தீங்க. அத என் கையால நகல் எடுக்க முடியல. அவ்வளவுதான்."

நாற்பது வருடத்தில் இதை அவர் முதன்முறையாகக் கேட்கிறார். உலகத்து மதங்களை எல்லாம் வீட்டுக்குக் கூட்டி வந்தவர், அந்த அறையில் என்ன நடந்தது என்று பக்கத்தில் படுத்திருந்தவளிடம் கேட்கவில்லை. நாவலில் அவர் எழுதிய கடைசி இரவில் காய்ச்சல் இருந்தது, மருந்துக் கடை இருந்தது, மழை இருந்தது. தண்ணீர் இல்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"மெய்ப்பு வந்தா பார்ப்பீங்க, ஏன் விட்டேன்னு கேப்பீங்கன்னு இருந்தேன். அப்ப சொல்லிரலாம்னு இருந்தேன். அந்தத் தண்ணியப் பத்தி உங்ககிட்டச் சொல்ல எனக்கு அப்படி ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு. நீங்க பார்த்துட்டு ஒண்ணும் கேக்காம, நிரப்பாம, அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்க. மொதல்ல கோவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். இவருக்கும் சொல்ல ஒண்ணும் இல்ல, அதான் என் இடத்த அப்படியே வச்சுட்டார்னு தோணுச்சு. அது எனக்கு எவ்வளவோ ஆறுதலா இருந்துச்சு. அந்த ஒரு இடத்துல நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோம்னு நெனச்சேன்."

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஊருக்கு முப்பது வருடம் சொன்ன அதே பொய்தான், வீட்டுக்கும் ஒரு தடவை சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அரைப்பக்கத்துக்கு அது தோன்றவும் செய்தது.

"நான் பார்க்கலம்மா," என்றார். "அந்த அத்தியாயத்த நான் படிக்கவே இல்ல. முடியல. படிக்காமக் கையெழுத்துப் போட்டேன். புக்கா வந்தப்புறம்தான் தெரியும். இன்னைக்கு வரைக்கும் படிச்சதில்ல."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அப்ப நீங்க பார்த்துட்டு அப்படியே விட்டதில்ல."

"இல்ல."

"முப்பது வருஷமா அத நிரப்பணும்னுதான் இருந்தீங்க."

"ஆமா."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு ஏற்கெனவே கழுவிய டம்ளர்களைத் திரும்பக் கழுவினாள். இத்தனை வருடமாக அவளுக்கு இருந்த ஒரே துணையையும் தன் வாயாலேயே பறித்துவிட்டோம் என்பது அவருக்கு நன்றாகவே புரிந்தது. உடம்பு கனத்தது. அப்படியே மேசையில் தலையை வைத்துத் தூங்கிவிட்டால் போதும் என்றிருந்தது.

மணி ஐந்தேகால். உறையை உதறி மற்றப் பக்கங்களையும் எடுத்தார். அத்தியாயத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். எழுதியது அவர்தான் என்றாலும் யாரோ எழுதியதுபோல ஒவ்வொரு வரியும் புதிதாக இருந்தது. கடிகாரக்காரன் குடிசைக்குள் போனான். உட்கார்ந்தான். மகளின் கடைசி இரவைச் சொல்ல ஆரம்பித்தான். அந்த இடத்தில் அரைப்பக்கத்துக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு மேலே படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, இங்கேதான் அவள் தண்ணீர் கேட்டிருப்பாள் என்று நினைத்தார். நான்காம் பக்கம், ஐந்தாம் பக்கம். அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றதும், மனைவி வந்து எதிரில் உட்கார்ந்ததும் தெரிந்தன. தலையைத் தூக்கவில்லை. 'என் பிள்ளை ஏன் செத்தது?' என்று கடிகாரக்காரன் கேட்டான். துறவி சொன்னார். அதற்குக் கீழே வெள்ளைக் காகிதம்.

நீல நோட்டு பக்கத்திலேயே விரித்துக் கிடந்தது. பார்த்து எழுதினால் பத்து நிமிட வேலை. அவர் அதை மூடினார்.

"இப்பத்தான் பார்த்தேன்," என்றார்.

"லேட்டு," என்றாள் அவள்.

"ஆமா."

வாசல் மணி அடித்தது. பதிப்பகத்து ஆள் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். "ஒரு நிமிஷம் இருங்க," என்று இவர் உள்ளேயிருந்தே குரல் கொடுத்துவிட்டு, ஆயிரத்துத் தொண்ணூறாம் பக்கத்தை எடுத்துப் பென்சிலைக் கையில் பிடித்தார். 'இங்கே ஏதாவது விடுபட்டிருக்கிறதா?'

"என்ன எழுதறது?"

"கேட்டதுக்குப் பதில் எழுதுங்க. விடுபட்டிருக்கா, இல்லையா?"

அவர் கேள்விக்குக் கீழே 'ஆம்' என்று எழுதினார். எழுதிவிட்டுப் பென்சிலை வைக்கப் போனார்.

"அத மட்டும் எழுதினா, என்ன விடுபட்டிருக்குன்னு நாளைக்கு ஃபோன் பண்ணிக் கேப்பாங்க," என்றாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, அவருடைய 'ஆம்' முடிந்த இடத்தில், அலுவலகத்து உருண்டைக் கையெழுத்தில், 'அப்படியே இருக்கட்டும்' என்று எழுதினாள்.